அண்ணியின் நல்ல பற்கள்

என் அண்ணிக்கு வலப்பக்கத்தில் நாலு பற்கள் இல்லை. கீழே மூன்று, மேலே ஒன்று. நாலும் நல்ல பற்கள். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை, ஈறு கூட வீங்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தட்டில் விழுந்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தட்டைக் கழுவியவளும் நான்தான். பால் மாதிரி வெள்ளையாக, வேர் முழுசாக இருந்தன. காட்டினால் யாரும் இதை ஏன் எடுத்தார்கள் என்றுதான் கேட்பார்கள்.

இதில் வேடிக்கை, அண்ணி வேலை பார்ப்பதே பல் ஆஸ்பத்திரியில்தான்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். முன்னறையில் காத்திருப்பவர்களுக்கு நாற்காலிகள், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் பெண். நடு அறையில் அந்தப் பெரிய சாயும் நாற்காலியும் அதன் மேல் வளைந்து நிற்கும் விளக்கும். பின்னறையில் கழுவும் தொட்டி, கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டி, அப்புறம் நான். கல்யாணம் முறிந்து நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அண்ணிதான் டாக்டரிடம் பேசி என்னை அங்கே சேர்த்துவிட்டாள். "இவ வாயைத் தொறக்க மாட்டா டாக்டர். உங்களுக்கு வர்ற கூட்டத்துல இப்படி ஒரு ஆளும் வேணும்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணி என்னைக் கூப்பிடும் பெயர் ஊமச்சி.

அண்ணி அங்கே பெருக்கத்தான் வந்தாளாம். ஒரு நாள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஆள் இல்லை என்று டாக்டர் இவளைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நாற்காலிக்கு இடப்பக்கம் அவள் இடம் என்று ஆகிவிட்டது. ஒரு கையில் குழாய், இன்னொரு கை பல் காட்ட வந்தவரின் தோளில். ஊசி போடும் நேரத்தில், "கண்ணை மூடிக்குங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். எல்லோரிடமும் அதே எறும்பு. பிள்ளைகள் அவளை எறும்பக்கா என்றுதான் தேடி வரும். ஒரு முறை கதவளவு உயரமுள்ள போலீஸ்காரர் ஊசியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "அழுங்க சார். ஸ்டேஷன்ல யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று அண்ணி சொன்னதும், வாய்க்குள் பஞ்சோடு அவர் சிரித்த சிரிப்பில் பஞ்சு தொண்டைக்குள் போகப் பார்த்தது.

"மருந்து பாதி, எறும்பக்கா பாதி" என்பார் டாக்டர், வருகிறவர்கள் காதில் விழும்படி.

டாக்டர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் அண்ணியின் பற்கள் தப்பித்திருக்கும்.

ஒரு நாள் காலையில் அண்ணி டீ குடித்துக்கொண்டிருந்தவள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது காதுக்குக் கீழே விரலை அழுத்தினாள். "என்னமோ இழுக்குது" என்றாள். முதல் நாள் கெட்டியாக எதையாவது கடித்திருப்பாள் என்று நினைத்தோம். சாயங்காலம் இழுப்பு கடைவாய்ப் பல்லுக்கு இறங்கியது. சாதாரணப் பல் வலி குத்தும், தெறிக்கும், கொஞ்சம் விட்டுவிடும். இது விடவில்லை. "ஈறுக்குள்ள ஒரு ஆணியை வெச்சு, அவசரமே இல்லாம ஒருத்தன் திருகிக்கிட்டே இருக்கான்டி" என்றாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கிராம்பு அடக்கிக்கொண்டாள், தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டாள். திருகுகிறவன் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

டாக்டரிடம் சொன்னாள். அவர் உடனே எக்ஸ்ரே படம் எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு தடவை பார்த்தார். வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐஸ் வைத்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. எந்தப் பல்லு?"

அண்ணி விரலை வைத்தாள். "இதுதான்னு தோணுது டாக்டர்."

மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. பல்லின் வேரைச் சுத்தம் பண்ணி அடைத்தார். அதற்கும் கேட்கவில்லை. அண்ணி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாயில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. "எடுத்துடலாம்மா. நிம்மதியா இரு" என்றார்.

எடுத்த பிறகு சில நாள் அண்ணி நிம்மதியாகத்தான் இருந்தாள். புண்ணின் வலி மற்ற வலியை மறைத்துக்கொண்டிருந்தது. புண் ஆறியதும் திருகல் பக்கத்துப் பல்லில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லாம் இலவசம். டோக்கன் இல்லை, காத்திருக்க வேண்டாம். மதியம் கடைசியாகப் பார்த்தவர் இறங்கிப் போன நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அதை நாங்கள் பெரிய பாக்கியமாக நினைத்தோம். "உங்களுக்கென்னக்கா, நெனச்சா நாற்காலி" என்று டோக்கன் பெண் பெருமூச்சு விடுவாள். காசு கொடுத்து வருகிறவருக்கு டாக்டர் இரண்டாவது படம் எடுப்பார், அடுத்த வாரம் வரச் சொல்வார், யோசிப்பார். தப்பாகிவிட்டால் வந்தவர் நாலு பேரிடம் சொல்லுவாரே. அண்ணி யாரிடம் சொல்வாள்? நம்ம பிள்ளைதானே என்று அவருக்கு. சாப்பாட்டு நேரம் வேறு போய்க்கொண்டிருக்கும். அவள் விரலை வைத்த பல்லை அவர் எடுத்தார். பல் பிடுங்கிய பிறகு அரை நாள் லீவு கொடுத்து, மருந்துக் கடையில் தன் கணக்கில் மாத்திரையும் வாங்கித் தந்தார். அண்ணி அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள்.

இரண்டாவது பல் போனது. மூன்றாவது போனது. திருகல் மேல் தாடைக்கு ஏறியது. அங்கே ஒன்று போனது.

என் அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு எதையும் சிரிப்பாக்காமல் தாங்க முடியாது. "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இவளுக்குப் பல்லு போகப் போகச் சொல்லு கூடிக்கிட்டே போகுது" என்றான்.

"உங்களுக்கு முப்பத்திரண்டும் இருந்தும் உருப்படியா ஒரு சொல்லு வரலையே" என்றாள் அண்ணி.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. ஆனால் போகப் போக அண்ணனின் சிரிப்பில் அலுப்பு வந்தது. அவன் வண்டியை விட்டு இறங்கி வரும்போது அண்ணி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வாசலிலேயே, "ஆரம்பிச்சாச்சா?" என்பான். மழை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

"பல்லைத்தான் பிடுங்கியாச்சே. இல்லாத பல்லு எப்படி வலிக்கும்?" என்று ஒரு நாள் கத்தினான்.

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்" என்றாள் அண்ணி.

அந்தச் சமயத்தில்தான் வங்கி மேலாளர் அம்மா வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கார்ச் சாவி. டாக்டரே முன்னறைக்குப் போய் அழைத்து வந்தார். நான் கழுவிய தட்டை வைக்க நடு அறைக்குப் போயிருந்தேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி, இடது கன்னத்தைக் காட்டிச் சொன்னார்கள்: "எந்தப் பல்லுன்னு தெரியல டாக்டர். எப்பவும் உள்ளேயே முறுக்கற மாதிரி இருக்கு. நாலு மாசமாச்சு. இதுன்னு நெனச்சா அதுல வலிக்குது. இந்தக் கடைசிப் பல்லை எடுத்துடுங்களேன்."

அண்ணி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் படம் எடுத்தார், தட்டினார், ஐஸ் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், படத்துல ஒண்ணுமில்ல. ஒண்ணும் தெரியாம நான் பல்லைத் தொட மாட்டேன். எடுத்துட்டா திரும்ப வருமா? பல்லு நல்லா இருந்தும் இப்படி வலி வர்றது உண்டு. பெரிய ஆஸ்பத்திரில முகத்து வலிக்குன்னே தனியா பாக்கறாங்க. எழுதித் தரேன், அங்க காட்டுங்க. அதுவரைக்கும் யாரு எடுக்கறேன்னு சொன்னாலும் எடுக்க விடாதீங்க."

ரொம்ப நிதானமாக, ரொம்ப அக்கறையாகச் சொன்னார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் கை கழுவப் போனார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. என்ன சொன்னோம், யாரை வைத்துக்கொண்டு சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

அண்ணி குழாயை அதன் கொக்கியில் மாட்டினாள். நாற்காலியைத் துடைத்தாள். தலைப்பக்கத்துத் துணியை மாற்றினாள். பின்னறைக்கு வந்து கதவை ஒருக்களித்தாள்.

"கேட்டியா?"

தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னாரா, பெரிய ஆஸ்பத்திரின்னு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவங்களுக்கு மொளச்சது பல்லு. எனக்கு என்ன, பட்டாணியா மொளச்சிருக்கு? உரிச்சு உரிச்சுப் போட?" என்றாள். குரல் உயரவில்லை. முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த விடுமுறையில் என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டில் துணி எடுக்கப் போவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சுகள் நிறைந்து, ஆட்கள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அண்ணியைப் போலவே கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். "பாருடி, எல்லாரும் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி" என்றாள் அண்ணி. அவள் இப்படித்தான். பயந்தால் கேலி பேசுவாள்.

உள்ளே இருந்தது களைத்துப்போன ஒரு பெண் டாக்டர். வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணியின் காதுக்கு முன்னும் பின்னும் விரலால் அழுத்திப் பார்த்தார். வாயைத் திறந்து மூடச் சொன்னார். பஞ்சால் கன்னத்தைத் தடவி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று கேட்டார். தூக்கம் எப்படி, பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா, முகத்தில் அடிபட்டதா என்றெல்லாம் கேட்டார். எதற்கும் இல்லை என்றுதான் பதில். பிறகு வாயைப் பார்த்தார். விரல் வைத்து ஒவ்வொரு இடைவெளியாக எண்ணினார்.

"இதையெல்லாம் யாரு எடுத்தது?"

"வெளில ஒரு இடத்துல" என்றாள் அண்ணி.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"ஒரு கடைலங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"சரி. நல்லா கேட்டுக்குங்க. உங்க வலி நிஜம்" என்றார் அந்த டாக்டர். "ஆனா அது பல்லுல இல்ல. வலியைச் சொல்ற நரம்பு இருக்கு பாருங்க, அது காரணமில்லாமலே சொல்லிக்கிட்டு இருக்கு. ஏன்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லிடுவேன். சின்ன மாத்திரை தரேன். முழுசா போகும்னு சொல்லல, பாதி குறைஞ்சாலே பெரிசு. ஆனா ஒண்ணு, இனிமே ஒரு பல்லையும் எடுக்க விடாதீங்க. எடுக்க எடுக்க இன்னும் மோசமாகும்."

அண்ணி அழுதாள். பல் ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது அழாதவள், 'நிஜம்' என்று ஒருவர் சொன்னதற்கு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அந்த டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. அது பெரிய மனசு. வெளியே அத்தனை கூட்டம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி நாக்கால் வாய்க்குள் துழாவிக்கொண்டே வந்தாள். வலப்பக்கம் மெல்லுவதற்கென்று கீழே இன்னும் இரண்டு பற்கள் இருந்தன. "இந்த ரெண்டையும் விட மாட்டேன்டி" என்றாள். சற்று நேரம் கழித்து, "வேலையையும் விட முடியாது" என்றாள். வேலை என்று அவள் சொன்னது சம்பளத்தை மட்டும் இல்லை. பெருக்கித் துடைக்கும் வேலை எங்கும் கிடைக்கும். நாற்காலிக்கு இடப்பக்கம் நிற்கிற அந்த இடம் வேறெங்கே கிடைக்கும்?

மாத்திரை கேட்டது. முழுக்க இல்லை. "திருகறவன் இப்ப நடுநடுவுல டீ குடிக்கப் போறான்" என்றாள். ஒரு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது தீர்ந்ததும், கீழே மருந்துக் கடையிலேயே சீட்டைக் காட்டி வாங்கினாள். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது.

"இது எதுக்குக்கா உங்களுக்கு? இது மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சே" என்று கடைக்காரர் கேட்டார். நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான் என்று அண்ணி விளக்கினாள். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். மாலைக்குள் டோக்கன் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் டாக்டருக்கு.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை. கடைசி ஆள் போன பிறகு அண்ணியை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பேசினார்.

"வெளில போய்க் காட்டினியாமே."

"உங்க பேரைச் சொல்லலை டாக்டர்."

"சொல்லாம மறைக்கற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

அண்ணிக்குப் பதில் தெரியும். நான் பின்னறையில் நின்றுகொண்டு, சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது. அவள் சொல்லவில்லை. "தப்புதான் டாக்டர்" என்றாள்.

"உங்கிட்ட நான் ஒரு காசு வாங்கியிருப்பனா?"

"இல்ல டாக்டர்."

"சொந்தப் பொண்ணா இருந்தாலும் இவ்வளவு பாத்திருக்க மாட்டேன்."

அதுவும் உண்மைதான். சொந்தப் பெண்ணாக இருந்திருந்தால் ஒரு பல்லோடு நிறுத்தியிருப்பார்.

அவர் வருத்தம் நாலைந்து நாளில் தணிந்தது. தணிந்ததும் ஒரு யோசனையோடு வந்தார். அண்ணியின் வலது கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. பேசும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வருகிறவர்கள் கவனித்தார்கள். "இங்க வேலை பாக்கறவங்களுக்கே பல்லு இல்ல, நமக்கு என்ன செய்யப் போறாங்க?" என்று ஒருவர் முன்னறையில் சொன்னதை டோக்கன் பெண் டாக்டரிடம் போட்டுக்கொடுத்திருந்தாள். அதனால் அவர் நல்ல மனதோடு ஒரு முடிவு எடுத்தார். கீழே மிச்சம் இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு முழுசாக ஒரு பல் செட் கட்டித் தந்துவிடுவது. முதல் தரமான செட். இலவசம்.

"கன்னமும் நிமிரும். வலிக்கறதுக்கும் கீழ அந்தப் பக்கம் எதுவும் இருக்காது. அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு. நாளைக்கு மதியம் உக்காரு" என்றார்.

வீட்டில் அண்ணனுக்குச் சந்தோஷம். "செட்டு என்ன வெலை தெரியுமா? சும்மா கட்டித் தர்றார். ஒழுங்கா உக்காரு" என்றான்.

"நல்ல பல்லுங்க அது."

"ஆமா, மத்த நாலும் கெட்ட பல்லு. எடுக்கறப்ப வாயைத் தொறந்துக்கிட்டுத்தானே இருந்தே?"

அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் மதியம் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வேறு ஆள் இல்லை. வெள்ளைத் தட்டில் நான் கழுவி வேகவைத்த குறடு இருந்தது. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, நுனியில் ஒரு சொட்டு வரும்வரை அழுத்தினார். விளக்கு அண்ணியின் முகத்தில் விழுந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் என் அண்ணி, மறு பக்கம் யாரோ கிழவி.

"ஆ காட்டு."

அண்ணி வாயைத் திறந்தாள். ஊசி அருகே வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"வேண்டாம் டாக்டர்."

"பயமா? நீயா பயப்படறே?"

"பயம் இல்ல டாக்டர். இந்த ரெண்டும் இருக்கட்டும்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது."

"எடுத்தா போயிடும்ங்கறேன்."

"நாலு எடுத்தும் போகலையே டாக்டர்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அத்தனை மாதத்தில் அவரிடம் அவள் சொன்ன ஒரே எதிர்ச்சொல் அது. மரியாதையாகத்தான் சொன்னாள், சொல்லும்போதே எழுந்து உட்கார்ந்து, கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் முகம் சிவந்தது. கோபம் போல எனக்குத் தெரியவில்லை. எதையோ கண்டுபிடித்துவிட்டவர் போல இருந்தார்.

"நெஜமா வலிக்கறவ பல்லைப் பிடிச்சு வெச்சுக்க மாட்டா" என்றார். "பிடுங்கு பிடுங்குன்னு காலைப் பிடிப்பா. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். உனக்கு வலியே இல்லம்மா, எல்லாம் மனசுலதான். இப்பத்தான் புரியுது."

பற்களைக் கொடுத்தபோது பல்லில் வலி என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்றதும் வலியே இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த வாரம் நாற்காலிக்கு இடப்பக்கம் ஒரு புதுப் பெண் நின்றாள். வரிசையான பற்கள். அண்ணி பின்னறைக்கு வந்து என்னோடு கருவிகளைக் கழுவினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. சம்பளம் குறையவில்லை. ஆனால் அவள் கன்னத்தில் கையை வைத்தால் டோக்கன் பெண் கதவோரத்திலிருந்து, "அக்கா, டாக்டர் பாக்கறார், நல்லா புடிங்க" என்று சிரிப்பாள். கையை வைக்காவிட்டால், "இன்னிக்கு மறந்துட்டீங்களா?" என்பாள். வீட்டிலும் இதேதான். மாத்திரை போடுவதை அண்ணன் பார்த்தால், தலையைத் தட்டிக் காட்டி, "அங்கதானே?" என்பான்.

அண்ணி பேச்சைக் குறைத்தாள். அவள் பேசாத வீட்டில் நாங்கள் இருந்ததே இல்லை. எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்தவளே ஊமையாகிப் போனாள்.

பிறகு ஒரு நாள் காலையில், டாக்டர் படியேறி வரும்போது அண்ணி முன்னறையில் போய் நின்றாள். "டாக்டர், வலி போயிடுச்சு" என்றாள்.

"போயிடுச்சா?"

"சுத்தமா இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. மனசுலதான் இருந்திருக்கு."

என் கையிலிருந்த துடைப்பம் நின்றுவிட்டது. அதற்கு முந்தின நாள் முழுக்க அவள் தாடையைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், பாவம். வாயை மறைக்கும் முகமூடி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைப் போட்டுக்கிட்டு உள்ள வா. அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது, ஆளுங்க பயப்படறாங்க" என்றார். அண்ணி தன் இடத்துக்குப் போனாள். புதுப் பெண் பின்னறைக்கு வந்தாள். அண்ணன் அன்றைக்கு ஊருக்கெல்லாம் சொன்னான்: "பாத்தீங்களா? ஒரு மொறை மொறைச்சார் டாக்டர், வலி பறந்துடுச்சு."

அந்த இரண்டு பற்கள் இன்னும் இருக்கின்றன. மாத்திரையை இப்போது கீழே வாங்குவதில்லை. பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்கி, அட்டையில் மருந்தின் பேர் இருக்கிற பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறாள். டாக்டரும் அதற்குப் பிறகு படத்தில் தெரியாத பல்லை யாருக்கும் எடுப்பதில்லை. அந்த அளவுக்கு அண்ணியின் வாய் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பது மட்டும் கார்ச் சாவியோடு வருகிறவர்களுக்குத்தான்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். துணி துவைக்கிற வேலையாம்; விரல்கள் வெளிறிப்போய் இருந்தன. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் ஏறினாள். படத்தில் ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை.

"உள்ளேயே முறுக்குதுங்க" என்று அழுதாள். "வீட்டுல நம்ப மாட்டேங்கறாங்க."

"பல்லு கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர். "இதெல்லாம் மனசுதான். இதோ நிக்கறாங்களே, எங்க அக்கா, இவங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாலு பல்லு எடுத்தும் போகல. ஒரு நாள் மனசை மாத்திக்கிட்டாங்க, வலி போயிடுச்சு. கேட்டுப் பாரு. என்னக்கா?"

அந்தப் பெண் தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அன்று காலையிலிருந்தே அவளுக்கு மோசமான நாள். படியேறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, போயிடுச்சில்ல?" என்றார் டாக்டர் மறுபடியும்.

அண்ணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திக்கொண்டாள். கன்னத்திலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தப்புச் செய்து பிடிபட்டவள் போல. இறங்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

அண்ணி பின்னறைக்கு வந்து, முகமூடியைக் கழற்றி, கிழிந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பாக்கறே?" என்றாள். "தட்டைக் கழுவு."